பச்சை வண்டிக்குக் கோப்பை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியே இருங்கள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளைக்கு மாத்திரை போடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். நலம் என்று ஒரு வார்த்தையில் எழுத வேண்டிய இடத்தில் இவ்வளவுதான் எழுத வருகிறது. குழந்தைக்கு முன்பல் விழுந்த படம் வந்தது, பார்த்துச் சிரித்தேன். உன் அக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டது, இனி மாதம் ஒரு முறைதான் வர முடியும் என்கிறாள். அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் தேறிவிட்டது, ஆனால் படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் நீ போன் பண்ணியபோது அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். உன் பெயர் திரையில் வந்ததும் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்குக் காரணம் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் அழுதால் நீ சமாதானம் சொல்வாய், நானும் சமாதானம் ஆகிவிடுவேன். இந்த முறை எனக்குச் சமாதானம் ஆக இஷ்டமில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், அப்பாவோடு பஸ் ஓட்டிக் கூடவே ஓய்வு பெற்றாரே உயரமாக ஒருவர், டெப்போவில் எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்களே, அவர் வந்து, மூடிக் கிடக்கும் கம்பள மில்லுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பிரியர்கள் கூடுகிறார்கள், பழைய வண்டியும் வரும் புது வண்டியும் வரும், நுழைவுச் சீட்டெல்லாம் கிடையாது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். அப்பா முதலில் மாட்டேன் என்றார். அந்த வண்டி போனதிலிருந்து அவர் மோட்டார் சைக்கிள் பேச்சையே எடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நான்தான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் முழங்கால் மட்டுமல்ல மூளையும் மடங்காமல் போய்விடும் என்று விரட்டினேன். அவர் நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்பதால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வினையை வீட்டிலிருந்தே நாற்காலி போட்டுக் கூட்டிப் போனவள் நான்தான்.

போய்ப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஐம்பது அறுபது வண்டி இருக்கும். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு. ஒருவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒரு பாத்திரம் தேய்த்ததில்லை இந்த மனுஷன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத் தொட்டி வைத்த வண்டி ஒன்றை ஒரு பெண்மணி ஓட்டி வந்தாள், தொட்டியில் புருஷன் ஹெல்மெட்டோடு கைகட்டி உட்கார்ந்திருந்தான், மைதானமே கை தட்டியது. புது வண்டிகள் வரிசையில் மின்சார வண்டி ஒன்று, சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஏணி அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, இது ஓடுதா நிக்குதான்னு ஓட்டறவனே இறங்கிப் பார்த்துக்கணும் போல என்றார். அதன் சொந்தக்காரப் பையன் கோபித்துக்கொள்ளாமல், உங்க காலத்து வண்டி வர்றது பக்கத்துத் தெருவுக்கே தெரியும், சத்தம் கேட்டதும் மெக்கானிக் வீட்ட விட்டு ஓடிடுவார் என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், பிடித்த வண்டியின் எண்ணை எழுதி அட்டைப்பெட்டியில் போட வேண்டும், அதிகச் சீட்டு விழுந்த வண்டிக்குக் கோப்பை. அப்பா சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றார், ஏதோ நீதிபதி மாதிரி.

அப்போதுதான் பழைய வண்டி வரிசையின் கடைசியில் யாரோ ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன், உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. என்ன என்று கேட்பதற்குள் சத்தம் வந்த பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அங்கே அது நின்றது. பச்சை டாங்கி, அதன்மேல் இரண்டு வெண்கோடு, உருண்டை விளக்கு. எனக்கு எல்லாப் பழைய வண்டியும் ஒரே மாதிரிதான், அதனால் பிரமை என்று நினைத்தேன், பச்சை வண்டி உலகத்தில் ஒன்றுதானா. உன் அப்பா குனிய முடியாத காலோடு குனிந்து வண்டி இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். அங்கே சட்டம் விரிசல் விட்டபோது உன் சித்தப்பா பற்றவைத்த இடம் இருக்கிறதே, மீன் செதில் அடுக்கினாற்போல வரிசையாக, இந்த மாதிரி ஒட்டுப் போட என் தம்பிய விட்டா ஆள் இல்ல என்று வருகிறவர்களிடமெல்லாம் உன் அப்பா காட்டுவாரே, அதைத்தான் விரல் தேடியது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நாங்கள் அதை எப்படி வாழ்ந்தோம் என்று உனக்குத் தெரியாது. அந்த வண்டி அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து ஓடாத நிலையில் கொண்டுவந்தது. ஞாயிறு வந்தால் பின்கட்டுக் கொட்டகையில் அதைப் பிரித்துச் செய்தித்தாள் மேல் பரப்புவார்கள், திரும்பப் பூட்டினால் ஒரு நட்டாவது மிஞ்சும், அது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு வாரம் சண்டை. கொட்டகைக்கு இரண்டு சாவி, ஒன்று நம்மிடம், ஒன்று சித்தப்பாவிடம். நீ வெளிநாடு போவதற்கு முந்தின வாரம், ஞாயிறு காலை கொட்டகையைத் திறந்தால் வண்டி இல்லை. பூட்டு உடையவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்த பதிவுப் புத்தகமும் இல்லை. அதற்கு முன்வாரம்தான் கொட்டகை ஒழுகுகிறது, வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சித்தப்பா சொல்லி, இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்திருந்தது. அப்பா உன்னைக் கேட்டார், யாராவது வந்தார்களா என்று. நீ சொன்னாய், வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று. அவ்வளவுதான் சொன்னாய். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அன்று மத்தியானம் சித்தப்பா வழக்கம்போல வந்தார். கையில் புது கிளட்ச் கேபிள், காகிதத்தில் சுற்றியது. கேபிள் வாங்கிக்கொண்டு வருகிறவன் வண்டியைத் திருடுவானா என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை பார். உன் அப்பா வாசலிலேயே வைத்துக் கேட்டார். முதலில் அவர் விளையாட்டு என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார், நீ தரையைப் பார்த்தாய். கேபிளை மேஜைமேல் வைத்தார், பக்கத்தில் கொட்டகைச் சாவியை வைத்தார், என்னைப் பார்த்து, வர்றேன் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, கூடப்பிறந்தவன் மேல எப்படி எழுதிக் குடுப்பேன் என்று உன் அப்பா மறுத்துவிட்டார். அதைத் தன் பெருந்தன்மை என்று பதினான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். உன் அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சித்தி தவறியபோது உன் அப்பா போனார், ஆனால் எதிர்ச்சாரி நடைபாதையில், ரொட்டிக் கடைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், ரோட்டைக் கடக்கக் கால் வரவில்லை என்றார். அன்றைக்கு நீ போனில் பாவம் என்று சொன்னாய். அடுத்த வரியிலேயே அங்கே குளிர் அதிகம் என்று சொன்னாய்.

மைதானத்துக்கு வருகிறேன். வண்டிக்காரர் ஒரு பல் டாக்டர், ஐம்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. ஐயா, கொஞ்சம் பார்த்து, இப்பதான் பாலிஷ் போட்டிருக்கேன் என்றார். அப்பா கையை எடுத்துக்கொண்டு, இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அதுதான் தாமதம், அந்த மனிதர் வண்டி தன் கைக்கு வந்த ஆறு வருஷக் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கடை ஒன்றில் முள்செடிக்குள் கிடந்ததாம், முன்பக்கம் வளைந்து, விளக்கு உடைந்து. கடைக்காரருடைய அக்கா மகனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போய்ப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதிவிட்டார்களாம், வீட்டில் சொல்லப் பயந்து அங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்களாம். கடைக்காரரின் அக்கா மகன் யார் என்று உனக்கே தெரியும், உன்கூடவே திரிவானே சுருட்டைத் தலைப் பையன். சும்மா சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது என்று டாக்டர் ஃபைல் ஒன்றை விரித்தார், பழைய படங்கள், சாமான் வாங்கிய ரசீதுகள், நம் பதிவுப் புத்தகம், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் கோடு போட்ட நோட்டுக் காகிதம் ஒன்று. அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. என்ன எழுதியிருக்கு, படி என்று என்னிடம் கொடுத்தார்.

படித்தேன். விபத்தில் சேதமான இந்த வண்டியை என் தந்தையின் சம்மதத்தோடு ஒப்படைக்கிறேன், இனி இதன்மேல் எங்கள் குடும்பத்துக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. கீழே தேதி, அந்த வெள்ளிக்கிழமை. தேதியோடு நிறுத்திவிட்டேன். கையெழுத்து யாருது என்று அப்பா கேட்டார். முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்று, எழுதின டாக்டருக்கே புரியாத கிறுக்கலையெல்லாம் படித்து மருந்து கொடுத்தவள் நான். அன்றைக்கு எனக்குப் படிக்க வரவில்லை. அவர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, கையை முழுக்க நீட்டி, வெயிலில் சாய்த்துப் பிடித்துத் தானே படித்தார். உன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

அதற்குள் முடிவு அறிவித்துவிட்டார்கள். பச்சை வண்டிக்குத்தான் கோப்பை. லாரி ஒன்றின் பின்பலகையை இறக்கி மேடை போட்டிருந்தார்கள், டாக்டர் ஏறிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, அநாதையாக் கிடந்த குழந்தைய எடுத்து வளர்த்த மாதிரி என்று பேசினார். யாருக்கும் வேண்டாமல் கிடந்தது என்றார். கூட்டம் கை தட்டியது. உன் அப்பாவும் தட்டினார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. டாக்டர் கோப்பையோடு திரும்பி வந்ததும், இது எங்கள் வண்டி, எழுதிக் கொடுத்தது என் மகன், எனக்குத் தெரியாது என்று அப்பா மூன்றே வாக்கியத்தில் சொன்னார். அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. நீங்க சொன்னா இப்பவே சாவியக் குடுத்துடறேன் ஐயா என்றார், நிஜமாகவே சாவியை எடுத்து நீட்டினார். வேண்டாம் டாக்டர், நீங்க நல்லாப் பார்த்துக்கறீங்க, அந்தக் காகிதத்த மட்டும் ஒரு நகல் எடுத்துக் குடுங்க என்றார் அப்பா. ஏணி ஓடிப்போய் எதிர்க் கடையில் நகல் எடுத்து வந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். தம்பி வீட்டுக்குப் போகணும் என்றார். வழியெல்லாம் வாடகைக் காருக்குள் ஒரே ஒரு தடவைதான் பேசினார், அடிச்சிருப்பேனா நான், ஒரு நாள் கத்தியிருப்பேன், அவ்வளவுதானே என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியாது.

சித்தி போன பிறகு சித்தப்பா வீட்டைக் காலி பண்ணிவிட்டு டயர் கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார், உன் அக்கா எப்போதோ கேள்விப்பட்டுச் சொல்லியிருந்தாள். பத்தொன்பது படி. ஆபரேஷன் பண்ணின டாக்டர் படி கூடாது என்று சொன்ன காலோடு உன் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார், நான் பின்னால் நாற்காலியோடு, அதைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்தவரைப் பார்த்து நான் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன், அவ்வளவு இளைத்திருக்கிறார். வெல்டிங் வெளிச்சத்தையே பார்த்த கண் இரண்டும் கலங்கிப் போய், பகல் வெளிச்சம் ஆகவில்லை என்று ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டிருக்கிறார். ஒரு கட்டில், ஒரு மேஜை, அதன்மேல் பூதக்கண்ணாடி, சுவரில் சித்தி படம், கீழேயிருந்து ரப்பர் நாற்றம். உட்காருங்க அண்ணி என்றார். உன் அப்பா பக்கம் திரும்பவில்லை. உன் அப்பா நின்றபடியே அந்த நகலை நீட்டினார். சித்தப்பா வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணா. அந்தப் புதன்கிழமையே தெரியும்" என்றார்.

நீ போய்ச் சொல்லியிருக்கிறாய். நாங்கள் அவரைத் திருடன் என்று அனுப்பிய மூன்றாம் நாள், நீ அவர் பட்டறைக்குப் போயிருக்கிறாய். மோதினது, எழுதிக் கொடுத்தது எல்லாம் சொல்லியிருக்கிறாய். அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைப் போக விடமாட்டார் சித்தப்பா, போய்ச் சேர்ந்ததும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாய். அவரும், சரி, போய்ட்டு வாடா என்று தலையில் கை வைத்து அனுப்பியிருக்கிறார். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, நேற்று பெய்த மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். முதல் வருஷம் பூராவும் தபால்காரர் மணி அடித்தால், அண்ணன் வீட்டுக்கும் ஒண்ணு வந்திருக்கும் இன்னிக்கு என்று சித்தியிடம் சொல்வாராம். சித்திக்கும் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். வாக்குக் கொடுத்தவர் காப்பாற்றினார், வாங்கிக்கொண்டு போனவன் மறந்தான். வீட்டுக்கு வந்து உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான்கு பக்கம். அறையைப் பற்றி, பனியைப் பற்றி, சட்டை துவைப்பதைப் பற்றி. கடைசியில் ஒரு வரி, சித்தப்பா வந்தாரா, ஏதாவது பேசினாரா. அன்றைக்கு அதைப் படித்துவிட்டு, பாருங்கள், பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது பாசம் இல்லை, அவர் வாயைத் திறந்துவிட்டாரா என்று நீ வேவு பார்த்தது.

உன் அப்பா, ஏன்டா சொல்லல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா என்று கேட்டார். அதற்குத்தான் சித்தப்பா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொல்லித்தான் தெரியணுமாண்ணா, நான் திருடன் இல்லன்னு? இப்பவும் இந்தக் காகிதம் கெடச்சதாலதான் வந்திருக்க. இது இல்லாம ஒரு நாள் வந்திருந்தா போதும்."

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. சித்தப்பா எழுந்து தேநீர் போட்டார். அங்கே இரண்டு கோப்பைதான் இருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் ஊற்றிவிட்டு, பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைப் பாத்திரத்தோடு குடித்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிளம்பும்போது உன் அப்பா, அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. உன் காலுக்கு இந்தப் படி ஆகாதுண்ணா என்றார். அது அக்கறையா, கதவடைப்பா என்று இன்றுவரை உன் அப்பா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஞாயிறு போய்க் கீழே டயர் கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். போன ஞாயிறும் போனார். சித்தப்பா இறங்கி வரவில்லை. டயர் கடைக்காரன் பாவப்பட்டு நாற்காலி எடுத்துப் போடுகிறானாம்.

இனிமேல் நான் எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ நொண்டிக்கொண்டு வந்தாய். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றாய். பேன்ட்டைச் சுருட்டச் சொல்லி ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், முழங்காலில் தோல் உரிந்து, சதைக்குள் பொடிக்கல்லும் தாரும் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். நம் வீட்டு மாடிப்படியில் ஏது தார்? களிம்பு போட்டுக் கட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சித்தப்பா பெயரைச் சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முழங்காலைத்தான் பார்த்தேன். எனக்கு அந்த நிமிஷமே தெரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நான் முடிவு பண்ணியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் ஆறு நாளில் பிள்ளை கிளம்ப வேண்டும், இந்த நேரத்தில் வீட்டில் ரகளை வந்தால் எல்லாம் கெட்டுப்போகும், கொழுந்தனாரிடம் அப்புறம் பேசிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அவர், வர்றேன் அண்ணி என்று என்னிடம் மட்டும் ஏன் சொல்லிவிட்டுப் போனார் என்று இப்போது யோசிக்கிறேன், நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அதனால் உன்னைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் மேலே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

எங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். நீ கேட்டால் நான் மன்னித்துவிடுவேன், அதில் யாருக்கும் உபயோகம் இல்லை. சித்தப்பாவுக்கு எழுது. விலாசம் பின்பக்கம் இருக்கிறது. போன் பண்ணாதே, போனில் நீ நன்றாகப் பேசுவாய், அதுதான் பயம். பேனாவால் எழுது, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும் அவர். அங்கே குளிர் எப்படி, வேலை எப்படி என்று ஆரம்பித்துச் சுற்றி வளைக்காதே, சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல். சித்தியைப் பற்றியும் எழுது. அவர் பதில் போட மாட்டார், போடவில்லை என்று வருத்தப்படாதே, மறுபடி எழுது. முடிந்தால் லீவு கிடைக்கும்போது வா, வந்தால் நம் வீட்டுக்கு வருமுன் அந்தப் பத்தொன்பது படியை ஏறிவிட்டு வா. மருமகளிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் மறைத்து வைத்தால் வீட்டுக்குள் அது என்ன செய்யும் என்று இப்போது உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே, காதை மூடி அனுப்பு. ராத்திரியில் பால் குடித்தால் வாய் கொப்பளிக்கச் சொல், புதுப்பல் வருகிற நேரம். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். கோபம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. உன் அப்பா பின்கட்டில் இருக்கிறார், உள்ளே வந்ததும் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இதைத் தபாலில் போடப்போகிறேன். போட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவரை உட்காரவைத்து, நான் உன் முழங்காலிலிருந்து எடுத்த கல்லைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். நீ இதைப் படிக்கும்போது என் பங்கை நான் சொல்லி முடித்திருப்பேன்.

உன்னைப் பெற்ற
அம்மா